தன் விடைத்தாளைத் தானே திருத்தியவர்

1923-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அச்சகம் ‘அமெரிக்க அறிவுத்திறன் பற்றிய ஓர் ஆய்வு’ என்றொரு புத்தகத்தை வெளியிட்டது. எழுதியவர் கார்ல் கேம்ப்பெல் பிரிகம், முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த உளவியலாளர். இத்தாலி, போலந்து, ரஷ்யா என்று தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து இறங்குகிறவர்களால் அமெரிக்காவின் மூளை மழுங்கிக்கொண்டே போகிறது என்பது புத்தகத்தின் சாரம். வெறும் அபிப்பிராயம் இல்லை, அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்ற தோரணை பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

ஏழு வருடம் கழித்து, 1930-ல், உளவியல் ஆய்விதழ் ஒன்றில் எட்டுப் பக்கக் கட்டுரை வந்தது. கையில் இருக்கும் சோதனைகளைக் கொண்டு இனங்களையும் நாட்டினரையும் ஒப்பிட முடியாது. அப்படி ஒப்பிட்ட ஆய்வுகளிலேயே மிகவும் படாடோபமான ஒன்று, அதாவது இதை எழுதுபவருடையதே, அடித்தளம் இல்லாதது என்று அதன் முடிவுரை சொன்னது. எழுதியவர் அதே பிரிகம்.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1926-ல், அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வை அவர் உருவாக்கினார். நம் ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. ஜி.ஆர்.இ.யும் டோஃபலும் எழுதி அமெரிக்கா போனவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவற்றை நடத்தும் இ.டி.எஸ். போன்ற ஒரு நிறுவனம் வரவே கூடாது என்று கடைசிவரை மல்லுக்கட்டியவரும் இவர்தான்.

கேள்வி எழுதுவதுதான் என் பிழைப்பு. பள்ளி மாணவர்களுக்கான திறனறித் தேர்வுகளுக்கு நான்கு ஆப்ஷன் கேள்விகள் எழுதுவேன், மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பேன். அதனால் பிரிகம் மேல் எனக்கு ஒரு தொழில்முறைக் கரிசனம் உண்டு. இனவாதியாக இருந்து திருந்திய மனிதர் என்று ஒரே வரியில் அவரைப் பாராட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். அவர் திருந்தியதற்கு மனசாட்சி எவ்வளவு காரணமோ தெரியாது. கணக்குதான் காரணம் என்று அந்த எட்டுப் பக்கமும் சொல்கிறது. எனக்கு அதுதான் சுவாரசியம்.

கதை முதல் உலகப் போரில் தொடங்குகிறது. 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியதும், அமெரிக்க உளவியல் சங்கத்தின் அப்போதைய தலைவர் ராபர்ட் யெர்க்ஸ் ஒரு யோசனையோடு ராணுவத்திடம் போனார். லட்சக்கணக்கில் ஆள் சேர்க்கிறீர்கள், எவனை எங்கே போடுவது என்று நாங்கள் சோதித்துச் சொல்கிறோம் என்றார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ‘ஆல்ஃபா’, தெரியாதவர்களுக்கும் ஆங்கிலம் வராதவர்களுக்கும் ‘பீட்டா’ என்று இரண்டு சோதனைகள் தயாராயின. போர் முடிவதற்குள் சுமார் 17 லட்சம் பேரை உட்காரவைத்து எழுதவைத்துவிட்டார்கள். சோதனை நடத்திய இளம் உளவியலாளர்களில் பிரிகமும் ஒருவர்.

ஆல்ஃபாவில் இருந்த சில கேள்விகளைப் பாருங்கள். கிரிஸ்கோ என்பது என்ன: மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? கிறிஸ்டி மாத்யூசன் யார்: எழுத்தாளரா, ஓவியரா, பேஸ்பால் வீரரா, நகைச்சுவை நடிகரா? பெர்ஷெரான் எந்த விலங்கின் வகை: ஆடா, குதிரையா, பசுவா, செம்மறியா? கப்பலிலிருந்து இறங்கி இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு சிசிலிக்காரனுக்குக் கிரிஸ்கோ சமையல் கொழுப்பு என்று எப்படித் தெரியும்? தெரியாவிட்டால் அவனுக்குப் பிறவியிலேயே அறிவு குறைவு. அளவுகோல் அப்படித்தான் இருந்தது.

பீட்டா இன்னும் மோசம். அதில் வார்த்தையே கிடையாது, படங்களும் எண்களும் குறிகளும்தான். ஒரு பகுதியில் ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும், அதை வரைந்து முடிக்க வேண்டும். டென்னிஸ் மைதானத்தில் வலை இல்லை, மின்விளக்கில் இழை இல்லை, கிராமபோனில் குழாய் இல்லை. மின்சாரத்தையே பார்த்திராத கிராமத்தான் இழையை எங்கே வரைவான்? புகைபோக்கி இல்லாத வீட்டுப் படம் ஒன்றும் உண்டு. சிசிலியிலிருந்து வந்த ஒருவர், அவர் ஊர் வீடுகளில் வழக்கமாக இருக்கும் இடத்தில் ஒரு சிலுவையை வரைந்துவைத்தார். தவறு என்று போட்டார்கள். அவர் வரைந்ததில் என்ன தவறு? அவர் பார்த்த வீடுகளில் இல்லாமல் போனது அதுதானே.

இந்தத் தரவுகளை எடுத்து வைத்துக்கொண்டுதான் பிரிகம் 1923 புத்தகத்தை எழுதினார். நியூயார்க் வழக்கறிஞர் சார்லஸ் கூல்ட் ஊக்கம் கொடுத்தார், யெர்க்ஸ் முன்னுரை கொடுத்தார். மேடிசன் கிராண்ட் என்பவர் அப்போது பரப்பிக்கொண்டிருந்த நோர்டிக் (வடக்கு), அல்பைன் (நடுப்பகுதி), மெடிட்டரேனியன் (தெற்கு) என்ற மூன்று ஐரோப்பிய ‘இனங்கள்’ பற்றிய கதையைப் பிரிகம் அப்படியே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நாட்டினரின் உடம்பிலும் இத்தனை சதவீதம் நோர்டிக் ரத்தம், இத்தனை சதவீதம் அல்பைன் ரத்தம் என்று ஓர் அட்டவணையே போட்டிருக்கிறார். ரத்தத்தில் சதவீதம் பார்க்கும் அட்டவணை! அதைப் போட்ட கைதான் பிற்பாடு எஸ்.ஏ.டி.யின் புள்ளிவிவரங்களை அவ்வளவு நுணுக்கமாகக் கையாண்டது என்பதை என்னால் இன்னும் முழுசாக ஜீரணிக்க முடியவில்லை.

புத்தகத்தின் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த வீரர்களை, அமெரிக்காவுக்கு வந்து எத்தனை வருடமாயிற்று என்று பார்த்துப் பிரிக்கிறார்: ஐந்து வருடம் வரை, ஆறிலிருந்து பத்து, பதினொன்றிலிருந்து பதினைந்து, இருபது வரை, அதற்கு மேல். வருடம் ஏற ஏற மதிப்பெண்ணும் படிப்படியாக ஏறுகிறது. இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர்கள் அமெரிக்காவிலேயே பிறந்த வெள்ளையர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும் யாருக்கும், ஊரும் மொழியும் பழகப் பழகச் சோதனை சுலபமாகிறது என்றுதானே தோன்றும்? கிரிஸ்கோவை இருபது வருடமாகக் கடையில் பார்த்தவனுக்கு அது என்னவென்று தெரியத்தான் செய்யும். பிரிகம் அந்த வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சாத்திவிட்டார். சோதனை பிறவி அறிவைத்தான் அளக்கிறது. ஆகவே முன்பு வந்தவர்கள் கெட்டிக்காரர்கள், வருடா வருடம் வருகிறவர்களின் தரம் குறைந்துகொண்டே வருகிறது என்று முடிவுகட்டினார். விடையை முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

அப்போது யாருமே கேட்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். பத்திரிகையாளர் வால்டர் லிப்மன், புத்தகம் வருவதற்கு முன்பே, 1922-ல் ராணுவச் சோதனைகளைத் தொடர் கட்டுரைகளில் போட்டுக் கிழித்தார். கறுப்பினக் கல்வியாளர் ஹொரேஸ் மான் பாண்ட் 1924-ல், அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை, அதே ராணுவ எண்களை எடுத்து வேறு மாதிரி அடுக்கிக் காட்டினார். இல்லினாய், நியூயார்க் போன்ற வடமாநிலக் கறுப்பின வீரர்கள், மிசிசிப்பி, ஆர்கன்சா போன்ற தென்மாநில வெள்ளை வீரர்களைவிட அதிக மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். அறிவு ரத்தத்தில் இருக்கிறது என்றால் இதற்கு என்ன சொல்வீர்கள்? பள்ளிக்கூடம் எங்கே நன்றாக இருந்ததோ அங்கே மதிப்பெண்ணும் நன்றாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். பிரிகம் ஏழு வருடம் எடுத்துக்கொண்ட இடத்துக்கு ஓர் இளைஞர் ஒரே தாவலில் போய்ச் சேர்ந்திருந்தார். பாண்டை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

1924 மே மாதம் அமெரிக்கா புதிய குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. 1890 மக்கள்தொகைக் கணக்கில் எந்த நாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ, அதில் 2 சதவீதம்தான் இனி வருடத்துக்கு. இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெரிய அலையாக வந்தது 1890-க்குப் பிறகு. ஏன் அந்தப் பழைய கணக்கைத் தேடி எடுத்தார்கள் என்பது புரிந்திருக்கும். ஆசியர்களுக்கு மொத்தமாகவே கதவு அடைப்பு. இந்தியர்களுக்கு அது 1917-லேயே அடைபட்டாயிற்று. பிரிகமின் புத்தகம் இந்தச் சட்டத்துக்கு எவ்வளவு தூரம் காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அந்தப் புத்தகம் இல்லாவிட்டாலும் சட்டம் வந்திருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வெறுப்புக்கு விஞ்ஞானச் சட்டை தைத்துக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1930-ல் அவர் தன் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சட்டத்தின் ஒதுக்கீட்டு முறை போனது 1965-ல். நம் ஊர் டாக்டர்களும் பொறியாளர்களும் கூட்டம் கூட்டமாக அமெரிக்கா போக வழி பிறந்ததும் அதற்குப் பிறகுதான்.

சரி, எஸ்.ஏ.டி.க்கு வருவோம்.

1900-ல் தொடங்கிய கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் அதுவரை பாடவாரியாக, கட்டுரை வடிவில் தேர்வு நடத்திக்கொண்டிருந்தது. பிரின்ஸ்டனில் பிரிகம் ஆல்ஃபாவைத் தழுவி ஒரு தேர்வு செய்து வைத்திருந்தார். 1925-ல் வாரியம் அவரைக் கூப்பிட்டு, எங்களுக்கும் இப்படி ஒன்று செய்துகொடுங்கள் என்றது. 1926 ஜூன் 23-ல் முதல் எஸ்.ஏ.டி. நடந்தது. எழுதியவர்கள் 8,040 பேர். 97 நிமிடத்தில் 315 கேள்விகள். போட்டுப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 19 நொடிகூட வரவில்லை. எதிர்ச்சொல், எண் தொடர், ஒப்புமை என்று நமக்குப் பழகிய சமாசாரங்களோடு, செயற்கை மொழி என்றும் ஒரு பகுதி இருந்தது. இல்லாத ஒரு மொழிக்குக் கொஞ்சம் சொற்களும் இலக்கண விதிகளும் கொடுத்து, அதில் மொழிபெயர்க்கச் சொல்வார்கள். இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டில் என்ன மொழி பேசினாலும், அந்தச் செயற்கை மொழி எல்லோருக்கும் ஒரே அளவுக்குப் புதிது. கிரிஸ்கோ கேட்ட ஆட்களின் வரிசையில் வந்தவரிடம் இப்படியும் ஒரு யோசனை இருந்திருக்கிறது. (அதற்கான விதிகளை ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.)

முதல் வருடக் கையேட்டிலேயே ஓர் எச்சரிக்கை வருகிறது. இந்தத் தேர்வு ஒரு துணை ஆவணம் மட்டுமே, மதிப்பெண்ணுக்கு அளவுக்கு மீறி முக்கியத்துவம் தருவது ஆபத்து என்று. விற்கிற பொருளின் மேலேயே இப்படி எழுதியவர்கள் அபூர்வம். 1928-லும் 1929-லும் பகுதிகளைக் குறைத்து ஒவ்வொரு கேள்விக்கும் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். வேகத்தை அளக்கிறோமா, திறமையை அளக்கிறோமா என்ற சந்தேகம் வந்திருக்க வேண்டும். 1932-ல் ஆறு வருட அனுபவத்தைத் திரட்டி ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு ‘பிழை பற்றிய ஓர் ஆய்வு’. 1923 தலைப்பையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிழையை ஆராய்வது என்றால் என்ன என்று என் மேஜையிலிருந்தே ஓர் உதாரணம் காட்டுகிறேன். 500 ரூபாய்ச் சட்டைக்கு 20 சதவீதம் தள்ளுபடி. தள்ளுபடி போக வரும் விலையில் இன்னும் 10 சதவீதம் தள்ளுபடி. கடைசியில் என்ன விலை? சரியான விடை 360. மற்ற மூன்று ஆப்ஷனையும் வாய்க்கு வந்தபடி போட முடியாது. 350 என்று ஒன்று வைக்கிறோம்: இருபதையும் பத்தையும் கூட்டி முப்பது சதவீதம் என்று நினைக்கும் பிள்ளை அங்கே போகும். 470: சதவீதம் என்றாலே ரூபாய் என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளை. 140: கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, தள்ளுபடித் தொகையையே விலை என்று குறிக்கும் அவசரக்காரப் பிள்ளை. அப்புறம் முன்னோட்டத் தேர்வு நடத்தி, மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 சதவீதம் பேர் எதைத் தேர்ந்தார்கள், கீழே உள்ள 27 சதவீதம் பேர் எதைத் தேர்ந்தார்கள் என்று பார்ப்போம். மேலே உள்ளவர்களே கூட்டமாக 350-க்குப் போயிருந்தால் கோளாறு பிள்ளைகளிடம் இல்லை. ‘தள்ளுபடி போக வரும் விலையில்’ என்பது கேள்வியில் தெளிவாக இல்லை என்று அர்த்தம். கேள்வி திரும்பி வரும்.

அந்த 27 சதவீதம் எங்கிருந்து வந்தது? ட்ரூமன் கெல்லி என்ற புள்ளியியலாளர் 1939-ல் கணக்குப் போட்டுச் சொன்னது. இதே கெல்லியின் 1928 ஆய்வுதான் பிரிகமை ஆட்டிவைத்தது. அறிவு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரே பொருள் இல்லை. சொல்திறன், எண்திறன் என்று தனித்தனியாக நிற்கும் பல திறன்கள் என்று அது காட்டியது. அப்படியானால் ஆல்ஃபாவின் எட்டுப் பகுதி மதிப்பெண்களைக் கூட்டி ஒரே எண்ணாக்கியது எதற்கு? அதோடு பீட்டா மதிப்பெண்ணையும் ஒரே தராசில் போட்டது எதற்கு? கூட்டக் கூடாததைக் கூட்டினால் மொத்தத்துக்கு என்ன அர்த்தம்? 1930 கட்டுரை இந்தக் கேள்விகளைத்தான் ஒன்றன் பின் ஒன்றாக எடுக்கிறது. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் பேசும் பிள்ளைகளை ஆங்கிலச் சோதனையால் அளப்பது பற்றியும் பேசுகிறது. பிறகுதான் தன் புத்தகம் பற்றிய அந்த வரி.

அந்தக் கட்டுரையில் மன்னிப்பு இல்லை. இத்தாலியர்கள் பற்றியோ யூதர்கள் பற்றியோ கறுப்பினத்தவர் பற்றியோ வருத்தமாக ஒரு வார்த்தை இல்லை. சோதனை தப்பு என்கிறார், தான் அப்படி நம்ப விரும்பியது ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. இதைக் குறையாகச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பேர் வாங்கிக் கொடுத்த புத்தகத்தை, உத்தியோகமும் செல்வாக்கும் உச்சத்தில் இருக்கும்போது, யாரும் கழுத்தைப் பிடிக்காமல், அச்சில் ரத்து செய்வது சாதாரணமில்லை. ராணுவச் சோதனையில் அவருக்கு மேலே இருந்த யெர்க்ஸ் அதைச் செய்யவில்லை. 1930-களின் நடுவில் பிரிகம் இன்னும் ஒருபடி மேலே போனார். பயிற்சி, பள்ளிப் படிப்பு எதுவும் சம்பந்தப்படாமல் பிறவி அறிவைச் சோதனைகள் அளக்கின்றன என்ற நம்பிக்கையை, விஞ்ஞான வரலாற்றின் மாபெரும் மயக்கங்களில் ஒன்று என்று ஒரு கைப்பிரதியில் எழுதினார். மதிப்பெண் என்பது பள்ளி, குடும்பப் பின்னணி, ஆங்கிலப் பழக்கம், சம்பந்தப்பட்டது, சம்பந்தப்படாதது எல்லாம் சேர்ந்த கலவை என்றார். அந்தக் கைப்பிரதி அச்சாகவில்லை.

அதற்குள் தேர்வு அவர் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட், ஊர் பெயர் தெரியாத கெட்டிக்காரப் பையன்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஒரு தேர்வு தேடினார். அங்கே உதவி டீனாக இருந்த ஹென்றி சான்சி எஸ்.ஏ.டி.யைக் கொண்டுவந்து கொடுத்தார். 1937-ல் கோனன்ட், தேர்வு நடத்தும் அமைப்புகளை எல்லாம் ஒன்றாக்கி நாடு முழுவதற்கும் ஒரே நிறுவனம் வைக்கலாம் என்றார். பிரிகம் குறுக்கே நின்றார். தேர்வை விற்கிறவனும் தேர்வைச் சந்தேகப்படுகிறவனும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் சந்தேகப்படுகிறவன் வாய் அடைக்கப்படும் என்பது அவர் வாதம். பண்பட்டவர்களுக்குத் தேர்வுக் கலை கற்றுக்கொடுப்பது, தேர்வுக்காரர்களுக்குப் பண்பாடு கற்றுக்கொடுப்பதைவிடச் சுலபம் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். எங்கள் தொழில்காரர்களைச் சுடும் வாக்கியம். அலுவலகத்தில் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.

1938-ல் கோனன்டுக்கு எழுதிய கடிதத்தில் வரப்போவதைப் பட்டியலே போட்டார். ஆசிரியர்கள் இந்தத் தேர்வுகளைக் குறிவைத்துப் பிள்ளைகளைத் தயார் செய்யும் நாள் வந்தால் படிப்பே கோணலாகிவிடும்; கணிதம் துண்டு துண்டாகும், அறிவியல் வெறும் வார்த்தையாகும், ஆங்கிலம் என்பது வாசித்துப் புரிந்துகொள்வதோடு நின்றுவிடும், எழுதும் பயிற்சி காணாமல் போகும். நம் ஊர் கோச்சிங் சென்டர் வாசலில் நின்றுகொண்டு எழுதியது போல இருக்கும்.

அவர் உயிரோடு இருந்தவரை திட்டம் நகரவில்லை. ஆனால் 1938-ல் ஐ.பி.எம். 805 என்ற இயந்திரம் வந்தது. மிச்சிகனில் பள்ளி ஆசிரியராக இருந்த ரெனால்ட் ஜான்சன் உருவாக்கியது. பென்சில் கரி மின்சாரம் கடத்தும் என்பதை வைத்து, குறித்த விடைகளை எண்ணிவிடும். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு, அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. போர்க்காலத்துக்கு மட்டும் என்று சொல்லிப் பழைய கட்டுரைத் தேர்வுகளை 1942-ல் நிறுத்தினார்கள், பிறகு திரும்பக் கொண்டுவரவில்லை. பிரிகம் 1943 ஜனவரியில், 52 வயதில் இறந்தார். 1947 முடிவதற்குள் இ.டி.எஸ். பிறந்துவிட்டது. முதல் தலைவர் ஹென்றி சான்சி. அங்குள்ள நூலகத்துக்குப் பிரிகம் பெயரையே வைத்தார்கள். மறுக்க அவர் இல்லை.

எழுதும் பயிற்சி போய்விடும் என்றாரே, அந்தக் கணக்கு என்ன ஆயிற்று என்றால், எஸ்.ஏ.டி.யில் கட்டுரையை 2005-ல் சேர்த்தார்கள். 2016-ல் விருப்பம் உள்ளவர்கள் எழுதலாம் என்றார்கள். 2021-ல் சில மாநிலங்கள் தவிர எல்லா இடத்திலும் எடுத்துவிட்டார்கள். பேனாவுக்கு வேலை போனது அப்படி. 2024-ல் அமெரிக்காவிலும் தேர்வு முழுக்கக் கணினித் திரைக்கு மாறிவிட்டதால், விடை குறிக்கப் பென்சிலும் தேவையில்லை.